கைக்கேற்ற துடுப்பு

தோலில் ஊசி இறங்கினால் இறங்கினதுதான். துணி என்றால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோல் அப்படி விடாது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற லைனுக்கு வந்த நாளிலிருந்து மெர்சி கையில் ஒரு ஜோடி வீணானதில்லை என்று சூப்பர்வைசர் புதுப்பெண்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பேர் கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போயிற்று.

பெண்கள் போடும் அரை பூட்ஸ். விரல் பக்கத்து வளைவில் இரட்டைத் தையல் ஓடவேண்டும். முதல் தையலை முடித்துத் துண்டைத் திருப்பும்போது வலது மணிக்கட்டில் யாரோ நரம்பைப் பிடித்துச் சுண்டின மாதிரி இருந்தது. துண்டு ஒரு நெல் அளவுக்கு நகர்ந்தது. இரண்டாவது தையல் கோணிக்கொண்டு முதல் தையலின் மேல் ஏறிவிட்டது.

மெர்சி மெஷினை நிறுத்தினாள். துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அவளே அதைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சாம்பிள் ரூம் பொறுப்பாளர் ஷாஹித் அதைப் பார்த்துவிட்டார். மேல்விஷாரத்துக்காரர், நிதானமான ஆள். புது மாடல் எதுவானாலும் முதல் ஜோடி அவர் அறையில்தான் தைக்கப்படும். வெளிநாட்டிலிருந்து வாங்க வருகிறவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது அந்த ஜோடியைத்தான். அங்கே ஓர் இடம் காலியாகியிருந்தது. அதற்கு மெர்சியைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார்.

"இன்னாம்மா, கை நடுங்குதா?"

"நடுங்கல பாய். இழுக்குது."

"நாளன்னிக்கி உனுக்கு டிரையல் வெச்சிக்கிறேன். தெரியுமில்ல?"

"தெரியும் பாய். அத்த அடுத்த வாரம் வெய்ங்க. இப்ப குந்துனா நான் தெக்க மாட்டேன், வலிதான் தெக்கும்."

ஷாஹித் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். கெஞ்சல் இல்லை, பயம் இல்லை. மெஷின் கோளாறைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கெழம. அதுக்கு மேல தள்ள முடியாது. நந்தினியும் கேட்டுகினு கீறா."

"அவளும் வரட்டும் பாய். நல்லா தெப்பா. ரெண்டு பேரையும் வெச்சிப் பாருங்க."

கம்பெனி பஸ் வாலாஜாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது மெர்சி கையை மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கும்போதுதான் வலி. எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தையலில் வந்த வலி இல்லை. ஏரியில் வந்த வலி.

வெள்ளம் வந்த வருஷம் அவள் ஊரான காவேரிப்பாக்கத்தில் தாழ்வான தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஆட்களை ஏற்றிவர ஓர் அறக்கட்டளை கயாக் படகுகளைக் கொண்டுவந்து கொடுத்தது. தண்ணீர் வடிந்தது, படகுகள் ஊரிலேயே தங்கிவிட்டன. காட்பாடியில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற ஜாஸ்மின், பஸ்ஸில் போகும்போது ஏரிக்கரையில் அவை கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஒரு கிளப்பே ஆரம்பித்துவிட்டாள். முதலில் சேர்ந்தவர்களில் ஒருவன் மெர்சியின் புருஷன் இருதயராஜ். தோல் பதனிடும் கம்பெனியில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிற வேலை அவனுக்கு. தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும். அவனோடு இரட்டைப் படகில் உட்கார்ந்த தோஸ்த் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போய்விட்டபோது, யார் வருவது என்று கரையில் பேச்சு நடந்தது. "நான் குந்தறேன்" என்று சொன்னவள் மெர்சி. வேடிக்கை பார்க்க வந்தவள், புடவையை மாற்றக்கூட வீட்டுக்குப் போகவில்லை. முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள்.

இரட்டைப் படகில் எடை குறைந்தவர் முன்னால், கனத்தவர் பின்னால். முன்னால் இருப்பவர் துடுப்பு எப்போது விழுகிறதோ அப்போது பின்னால் இருப்பவர் துடுப்பும் விழவேண்டும். தாளம் முன்னால், பலம் பின்னால் என்பாள் ஜாஸ்மின். வீட்டில் புருஷனை 'வாங்க, போங்க' என்கிற மெர்சியின் வாய் தண்ணீருக்குப் போனதும் "யோவ், போடு! யோவ், இப்ப போடு!" என்று மாறிவிடும். கரைக்கு வந்தால் மறுபடி 'ங்க' வந்துவிடும். இருதயராஜ் இதைப் பற்றி ஒரு தரமும் வாய் திறந்ததில்லை.

ஆடியில் மதகிலிருந்து கோயில் படித்துறை வரைக்கும் ஒரு சின்னப் போட்டி வைத்தார்கள். அதற்கு முன்னால் இருதயராஜ் சென்னைக்குப் போய் இரண்டு புதுத் துடுப்புகள் வாங்கிவந்தான். துடுப்பின் இரண்டு முனையிலும் தண்ணீரை அள்ளுகிற பலகையை எல்லோரும் பிளேடு என்றுதான் சொன்னார்கள். அவன் கொண்டுவந்த பிளேடு கல்யாண வீட்டில் சாம்பார் கலக்கும் கரண்டியைப்போல அகலமாக இருந்தது. கடையில் இருந்ததிலேயே பெரியது. அவனுக்கு ஒன்று, அவளுக்கும் அதே அளவில் ஒன்று. அந்தப் போட்டியில் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். அன்றைக்கு இராத்திரி மெர்சிக்குத் தோள் வலித்தது. இரண்டு மாதம் கழித்து வலி முழங்கைக்கு இறங்கியது. மழை ஓய்ந்து ஏரி நிரம்பி, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பெரிய போட்டி என்று அறிவித்த பிறகு, வாரம் தவறாமல் நீள ஓட்டம் பழகியபோது மணிக்கட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் கிறிஸ்டினா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இருதயராஜின் தங்கை, வாலாஜாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைக் கீழே வளைத்தாள், கட்டைவிரலுக்குக் கீழே அழுத்தினாள். மெர்சி பல்லைக் கடித்தாள்.

"நரம்பு இல்ல அண்ணி, தசைநார். வீங்கிக்கிது. விடாம இறுக்கிப் பிடிச்சா இப்படித்தான் ஆவும். அஞ்சாறு நாள் கட்டு போட்டு வெச்சா அடங்கிடும். மறுபடி அதே வேலைய செஞ்சா மறுபடி வரும்."

"அப்ப படகு வேணாம்" என்றான் இருதயராஜ். அடுப்பில் கெளுத்திக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் கரண்டியோடு நின்றான். செவ்வாய்க்கிழமை மெர்சி வர நேரமாகும் என்பதால் சமையல் அவனுடையது. "ஜாஸ்மினாண்ட நான் சொல்லிடறேன். நம்ம பேர எடுத்துடட்டும்."

"ஏன்?"

"ஏனா? கைய பாரு. அந்தக் கைய வெச்சித்தான நீ மேல போவப்போற? சாம்பிள் ரூம் சும்மாவா? போட்டி அடுத்த வருஷம் வரும், அந்த எடம் வருமா?"

"நான் படகால வலிக்குதுன்னு சொல்லலியே. துடுப்பாலன்னு சொல்றேன்."

"துடுப்பு இன்னா பண்ணிச்சி?"

"பெருசு. எனுக்குப் பெருசு. தண்ணில போட்டா புடிச்சிக்கிது, வர மாட்டேங்குது. நான் அத்த இழுக்கல, அது என்ன இழுக்குது. பழைய கிளப் துடுப்புல ஒரு வருஷம் ஓட்டுனேனே, எங்கியாவது வலின்னு சொன்னேனா?"

இருதயராஜ் குழம்பைக் கிளறினான். "அந்தத் துடுப்புல நாம ஜெயிச்சோமா? தண்ணிய ஜாஸ்தி அள்ளுனாதான் வண்டி ஓடும். இது கொழந்தைக்கும் தெரியும்."

"மதகுலேர்ந்து படித்துறை எவ்ளோ தூரம்? மூச்சப் புடிச்சிகினு ஓடிடலாம். இது ஏரிக்கு அந்தக் கோடி வரிக்கும் போயித் திரும்பி வர்றது. ஏங்க, நீங்க தோல்லயே பொறந்து வளந்தவரு. ஆட்டுத்தோலுக்கு மாட்டுத்தோல் ஊசியப் போடுவாங்களா? பெரிய ஊசின்னா நல்லா தெக்கும்னு போட்டா கிழிச்சிடாது?"

"துடுப்பு ஊசியில்ல மெர்சி."

"கை தோல்தான?"

கிறிஸ்டினா சிரித்துவிட்டாள். இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அடுப்பை அணைத்தான்.

"எனுக்குப் போட்டி வேணாம். உன் கைதான் வேணும். அவ்ளோதான்."

நல்ல வார்த்தைதான். வேறொரு நாளாக இருந்தால் மெர்சிக்கு மனம் குளிர்ந்திருக்கும். இப்போது சுருக்கென்றது.

"போட்டிய விடுவீங்க, துடுப்ப விட மாட்டீங்க. அப்படித்தான?"

அவன் தட்டுகளை எடுத்துவைத்தான். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கெளுத்தி நன்றாக வெந்திருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியின்மேல் பனி இன்னும் விலகவில்லை. ஏரி நிரம்பினால் நீர் வெளியேறும் கடைவாசலில் தண்ணீர் வழிந்து ஓடும் சத்தம் மட்டும் வந்தது. மெர்சி கட்டை அவிழ்த்திருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கொஞ்ச நேரம், அதுவும் மெதுவாக என்று கிறிஸ்டினா உத்தரவு போட்டிருந்தாள். இருதயராஜ் கூட வந்தான். படகில் ஏறவில்லை. கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஜாஸ்மின் நீளப் பையிலிருந்து மூன்று துடுப்புகளை எடுத்துப் புல்லின்மேல் வைத்தாள். பெரியது, நடுத்தரம், சிறியது. தண்டின் நீளம் மூன்றிலும் ஒன்றுதான். பிளேடு மட்டும் மாறியது.

"எது உனக்குன்னு நான் சொல்லப்போறதில்ல" என்றாள் ஜாஸ்மின். "இன்னா பாக்கணும்னு மட்டும் சொல்றேன். பிளேடு பெருசா இருந்தா சேத்துல கால் மாட்டுன மாதிரி இருக்கும். படகு போவும், ஒடம்பு நின்னுடும். சிறுசா இருந்தா தண்ணி வழுக்கும். பிளேடு உள்ளயே பக்கவாட்டுல படபடன்னு ஆடும். சரியா இருந்தா புடிக்கும், புடிச்சிட்டு விட்டுடும். ஓட்டிக்கினே விரல தளர்த்திப் பாரு. தளர்த்த முடிஞ்சா சரி. என்னாண்ட பேசிக்கினே ஓட்டு. பேச்சு நின்னா துடுப்பு பெருசுன்னு அர்த்தம்."

ஒற்றைப் படகை எடுத்துக்கொண்டு மெர்சி போனாள். ஜாஸ்மின் இன்னொன்றில் பக்கத்திலேயே வந்தாள். பெரிய துடுப்பை மெர்சி கரையிலேயே தொட்டுப் பார்த்ததோடு வைத்துவிட்டாள், அதன் சங்கதி தெரிந்ததுதான். நடுத்தரத்தை எடுத்தாள். நன்றாக இருந்தது. கிளம்பினவுடனே படகு பாய்ந்தது. மதகு வரைக்கும் ஜாஸ்மினிடம் கம்பெனிக் கதை சொல்லிக்கொண்டே போனாள். அங்கிருந்து வடக்கே திரும்பும்போது வாடைக் காற்று எதிரில் வந்தது. எதிர்க்காற்றில் கொஞ்ச தூரம் வந்ததும் அவளுக்கே தெரியாமல் பேச்சு நின்றுபோனது. முன்கை இறுகுவது தெரிந்தது.

கரைக்கு வந்து சிறியதை மாற்றிக்கொண்டாள். முதல் நாலைந்து வீச்சுக்குத் தண்ணீர் வழுக்கியது. எண்ணெய்க் கையால் குடத்தைத் தூக்கின மாதிரி பிடி கிடைக்கவில்லை. படகு நகர ஆரம்பித்த பிறகு வழுக்கல் நின்றது. கை தானாக வேகம் பிடித்தது. தட்டு, விடு, தட்டு, விடு. மெஷினில் நேர்த்தையல் ஓடும்போது வருகிற வேகம். எதிர்க்காற்றில் போனாள், விரலைத் தளர்த்தினாள். உள்ளங்கையால் தள்ளினால் போதுமாக இருந்தது. மணிக்கட்டு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

"நான்னா நடுத்தரம்தான் சொல்லியிருப்பேன்" என்றாள் ஜாஸ்மின் கரைக்கு வந்து. "கெளம்பும்போது அதுல ஒரு படகு நீளம் முன்னாடி போயிடுவ."

"கெளம்பும்போது போவேன். திரும்பும்போது? எனுக்கு இதுதான்."

"உறுதியா?"

"என் கை எனுக்குத் தெரியாதா?"

ஜாஸ்மின் சிரித்துக்கொண்டே சிறிய துடுப்பை அவளிடம் கொடுத்தாள்.

இருதயராஜ் அந்தத் துடுப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். தோசைக் கரண்டியைப் பார்ப்பதுபோல இருந்தது அவன் பார்வை. ஆனாலும் அன்றைக்கே இரட்டைப் படகில் அவள் பின்னால் ஏறினான். அவன் கையில் அவனுடைய பெரியது. கரையை விட்டு நகர்ந்ததும் வம்பு ஆரம்பித்தது. மெர்சி துடுப்பை எடுத்து மறுபக்கம் போடும்போது அவன் இன்னும் இந்தப் பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் துடுப்பு அவள் துடுப்பில் போய் மோதியது.

"யோவ், எங்கூட வா!"

"நீ தட்டாம்பூச்சி மாதிரி அடிச்சா நான் எப்டி வர்றது? மெதுவா போடு!"

"மெதுவா போட முடியாது. இதுதான் என் வேகம். நீ வா!"

சண்டையிலேயே படகு சாய்ந்து இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். நல்லவேளை, கரையோரம். இருதயராஜ் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு தலையிலிருந்த பாசியை எடுத்தான். மெர்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் முறைத்தான். பிறகு அவனும் சிரித்தான். ஆனால் துடுப்பை மாற்றுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாம்பிள் ரூமில் மெர்சிக்கும் நந்தினிக்கும் ஒரே மாடலில் ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார்கள். குழந்தை கன்னம் மாதிரி மெல்லிய ஆட்டுத்தோல். கொஞ்சம் அழுத்தினால் தழும்பு விழும். மெர்சி முதலில் மெஷினில் இருந்த ஊசியைக் கழற்றிப் பார்த்தாள். இன்னும் மெல்லியது கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். பிறகு அவசரமில்லாமல் தைத்தாள். கை சொன்னபடி கேட்டது. நந்தினியும் நன்றாகத்தான் தைத்தாள். குதிகால் மடிப்பில் மட்டும் அவளுக்கு ஓரிடத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது. ஷாஹித் இரண்டு ஜோடியையும் விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"திங்கக்கெழமைலேர்ந்து இங்க வந்துடும்மா" என்றார் மெர்சியிடம். நந்தினியிடம் திரும்பி, "அடுத்த எடம் உனுது, எங்கியும் போயிடாத" என்றார். நந்தினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெர்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஆற்காடு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள் மெர்சி. வாசலில் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த இருதயராஜ் ஏணியிலிருந்து இறங்கி ஒன்றை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. மென்று முடித்ததும் சொன்னான்.

"அப்ப ஞாயித்துக்கெழம போவ வேணாம்."

"இன்னாங்க இது?"

"திங்கக்கெழம புது எடம். மொத நாளே கட்டு போட்டுகினு போயி நிப்பியா? ஷாஹித் பாய் மூஞ்சில எப்டி முழிப்ப?"

"அண்ணன் சொல்றதும் நாயந்தான் அண்ணி" என்றாள் கிறிஸ்டினா.

மெர்சி வலது கையை நீட்டினாள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடி, மணிக்கட்டைக் கீழே வளைத்துக் காட்டினாள். கிறிஸ்டினா சோதித்துப் பார்த்த அதே வளைப்பு. முகத்தில் சுளிப்பில்லை.

"போன ஞாயிறு ஏரிக்குப் போனேனா? போனேன். இன்னிக்கு டிரையல்ல கை நின்னுச்சா? நின்னுச்சி. அப்பறம் இன்னா பயம்? கை போவாதுங்க. எனுக்குத் தெரியும். நீங்க வரலன்னா சொல்லுங்க, நான் ஒத்தப் படகுல பேர் குடுக்கறேன்."

இருதயராஜ் நட்சத்திரத்தின் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றான். "வரமாட்டேன்னு யார் சொன்னது? வர்றேன். ஆனா ஒண்ணு. நீ சும்மா தொட்டுகினு வா. இழுக்கறத நான் பாத்துக்கறேன். என் துடுப்பு ரெண்டு ஆளுக்கு இழுக்கும்."

அப்போதுதான் மெர்சிக்குப் புரிந்தது. வீம்பு மட்டும் இல்லை. அவள் கைக்கும் சேர்த்து அவன் இழுக்கப் பார்க்கிறான். கோபம் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றாள்.

போட்டியன்று ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். பலூன்காரன், சோளம் சுடுகிறவள், பிரியாணி அண்டாவை இறக்கிவைத்த ஆம்பூர்க்காரர், பங்குச் சாமியார்கூட வந்திருந்தார். சென்னைக் கல்லூரியிலிருந்து இரண்டு பையன்கள், பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி, அரக்கோணம் தீயணைப்பு நிலையத்திலிருந்து மதியழகனும் அவன் கூட்டாளியும். மதியழகன் ஆள் ஆறடி. அவன் துடுப்பும் இருதயராஜினுடையதுபோலப் பெரியது. இரண்டு பேரும் ஒருவர் துடுப்பை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மெர்சியின் துடுப்பைப் பார்த்த மதியழகன், "சிஸ்டர், அது பசங்க துடுப்பாச்சே?" என்றான், கேலியில்லாமல்தான்.

"எனுக்கு அது போதும்ணா" என்றாள் மெர்சி.

எல்லாப் படகிலும் மேல்தட்டில் ஓர் உபரித் துடுப்பு கட்டியிருக்கவேண்டும் என்பது விதி. நடு ஏரியில் ஒடிந்தால் மாற்றிக்கொள்ள. ஜாஸ்மின் அவர்கள் படகில் நடுத்தரத் துடுப்பைக் கட்டிவிட்டாள். யாருக்கு என்று சொல்லவில்லை.

விசில் ஊதியதும் இருதயராஜின் தோள் வேலை செய்தது. படகு பாய்ந்தது. மெர்சி தன் தாளத்தைக் கொஞ்சம் அடக்கி அவனுக்கு இடம் கொடுத்தாள். மதகு தாண்டும்வரை முன்னால் மதியழகன் படகு, அடுத்தது இவர்களுடையது. கரையில் கைத்தட்டல். கிறிஸ்டினா கத்துவது கேட்டது. வடக்கே பனைமரங்களை நோக்கித் திரும்பியதும் கூட்டத்தின் சத்தம் அடங்கி, காற்றின் சத்தம் ஆரம்பித்தது.

வாடை நேர் எதிரில் வந்தது. சின்னச் சின்ன அலை படகின் மூக்கில் மோதித் தெறித்தது. மெர்சி தாளத்தைத் தளர்த்திவிட்டாள். தட்டு, விடு, தட்டு, விடு. தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வந்தது வேகம். விரல்கள் சும்மா தண்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. பின்னால் இருதயராஜின் மூச்சு கேட்டது. முதலில் ஒழுங்காக, பிறகு இரைப்பாக. ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் துடுப்பு அகலமாகக் காற்றை வாங்கியது, அகலமாகத் தண்ணீரையும் வாங்கியது. அவன் பிந்த ஆரம்பித்தான். பிந்தும்போதெல்லாம் படகு ஒரு பக்கம் இழுத்தது. சென்னைப் பையன்கள் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். பெங்களூர் ஜோடியும் தாண்டியது.

"யோவ், கை இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"பொய் சொல்லாத. மூச்சு இங்க கேக்குது."

அவன் துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது, தொப்பென்று, மூட்டையைப் போடுவதுபோல. மறுபக்கம் இழுக்கும்போது அவன் வாயிலிருந்து சின்னதாக ஒரு முனகல். தோள் பிடித்துக்கொண்டது என்று அவளுக்குப் புரிந்தது. அந்த முனகலை அவளுக்குத் தெரியும். அவளும் ஐப்பசி முழுக்க அப்படித்தான் முனகியிருந்தாள்.

மெர்சி துடுப்பைத் தூக்கினாள். படகு மெல்ல நின்றது.

"இன்னா நிறுத்திட்ட?" அவன் குரல் பதறியது. "உன் கையா?"

"என் கை நல்லாக்கீது. உன் கைய பேசு. மேல கட்டிக்கிற துடுப்ப எடு."

"மெர்சி..."

"யோவ், நீ எனுக்கும் சேத்து இழுக்க வேணாம். நான் இழுத்துகினுதான் கீறேன். உனுக்கு நீ இழு. எடு அத்த."

ஏரி நடுவில் காற்று அவர்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் படகு ஆடும் என்று மெர்சி திரும்பவில்லை. முன்னால் பனைமரங்களையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கயிற்றை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. பெரிய துடுப்பைத் தட்டில் வைத்து இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"ம். போடு" என்றான் இருதயராஜ்.

அவள் போட்டாள். முதல் பத்து வீச்சில் அவன் தடுமாறினான். இல்லாத கனத்தைத் தேடி இழுத்தான். அப்புறம் பிடித்துக்கொண்டான். அவள் துடுப்பு விழும்போது அவனுடையதும் விழுந்தது. இரண்டு சத்தம் ஒரே சத்தமானது. படகு இழுபடாமல் நேராக ஓடியது. மெர்சி தாளத்தை ஒரு பிடி ஏற்றினாள். அவன் வந்தான். இன்னொரு பிடி ஏற்றினாள். அதற்கும் வந்தான்.

"பேசிகினே வா" என்றாள்.

"இன்னா பேசறது?"

"ஏதாவது. பேச முடியுதான்னு பாக்கணும்."

"கெளுத்திக் கொழம்பு அன்னிக்கி எப்டி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சி. கோவத்துல சொல்லல."

"தெரியும்" என்றான் அவன், மூச்சு வாங்காமல்.

பனைமரத்தடியில் கட்டியிருந்த மிதவையைச் சுற்றித் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது. பெங்களூர் ஜோடி எதிர்க்காற்றில் களைத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டினார்கள். மதியழகன் படகு அவர்கள் கண்முன்னாலேயே தளர்ந்தது. அந்தப் பெரிய தோள்கள் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தன, ஆனால் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. மதகுக்குச் சற்று முன்னால் அவர்களையும் தாண்டினார்கள். சென்னைப் பையன்களைப் பிடிக்க முடியவில்லை. எட்டத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டாவதாகக் கரை தொட்டது மெர்சியின் படகு.

ஜாஸ்மின் தண்ணீருக்குள்ளேயே ஓடிவந்து படகின் மூக்கைப் பிடித்தாள். கிறிஸ்டினா வந்ததும் முதலில் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எங்கே அழுத்தினாலும் மெர்சி சிரித்தாள். பிறகு அண்ணனின் தோளை அழுத்தினாள். அவன் "ஐயோ" என்றான்.

"நாளைக்கு லீவு போட வேண்டியது நீதான்" என்றாள் கிறிஸ்டினா.

பிரியாணிப் பொட்டலமும் கத்திரிக்காய்த் தொக்கும் வாங்கிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்தார்கள். இருதயராஜால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையில் சாப்பிடக் கூச்சப்பட்டான். மெர்சி தன் பொட்டலத்தைப் பிரித்துவைத்து, ஒரு கவளம் எடுத்து அவன் வாயில் வைத்தாள். கூட்டம் பார்க்கிறது என்று அவன் நெளிந்தான். அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான்.

மதியழகன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். தோல்வியில் கசப்பில்லாத ஆள்.

"பிரதர், சூப்பரா வந்தீங்க. போவும்போது எங்கள மாதிரியே பெருசுதான வெச்சிருந்தீங்க? வரும்போது வேற கையில இருந்துச்சே. இன்னா சைஸ் அது? எங்க வாங்கறது? எனக்கு எது சரியா வரும்?"

இருதயராஜ் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். சொல்வதற்கு அவனிடம் ஆயிரம் இருந்திருக்கும், போன வாரமாக இருந்தால்.

"என்னாண்ட கேக்காதீங்க சார்" என்றான். "முன்னாடி குந்தினு இருந்தாங்களே, அவங்களாண்ட கேளுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து தன்னை 'அவங்க' என்று மெர்சி கேட்டதில்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறி எழுந்து தண்ணீரில் கழுவினாள். மதியழகனின் தோளையும் கையையும் ஒரு தரம் அளந்து பார்த்தாள்.

"பாத்து சொல்ற வேல இல்லண்ணா இது" என்றாள். "ஒத்தப் படகுல ஏறுங்க. மூணையும் குடுக்கறேன். நான் பக்கத்துல வர்றேன், என்னாண்ட பேசிகினே ஓட்டுங்க."

மதியழகன் செருப்பைக் கழற்றினான்.